நெய்வேலிக்குப் பூச்சி கட்டப் போன கதை

இருபது வருடமாகப் பூச்சி கட்டுகிறேன். இன்றுவரை ஒரு மீன் பிடித்ததில்லை. என் வீட்டில் மீன் குழம்பு வைப்பதுகூட என் வீட்டுக்காரர்தான்.

பூச்சி என்றால் பொய்ப்பூச்சி. தூண்டில் முள்ளின் மேல் சேவல் இறகையும் நூலையும் சுற்றி, ஏதோ ஈ தண்ணீரில் விழுந்து தத்தளிப்பதாக மீனை நம்பவைப்பது. வெளிநாட்டில் இதை வைத்து மீன் பிடித்து, போட்டோ எடுத்து, திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவார்களாம். பிறகு எதற்குப் பிடிக்கிறார்கள் என்று நானும் இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர்களுக்குப் பூச்சி கட்டித் தரும் தொழிற்சாலை ஒன்று இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்குக் கீழே இருக்கிறது. அதில் பன்னிரண்டு பெண்களுக்கு நான் லைன் லீடர்.

இந்த மே மாதம் ஆர்டர் இல்லை என்று எங்கள் லைனை இரண்டு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். சம்பளம் கிடையாது. "ஆர்டர் வந்தால் கூப்பிடுவோம்" என்றார் மேனேஜர். வராவிட்டால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்து லைனைப் போன வருடம் இப்படித்தான் அனுப்பினார்கள், இன்னும் கூப்பிடவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் நெய்வேலியிலிருந்து சங்கரலிங்கம் அண்ணன் போன் செய்தார்.

கூடப் பிறந்த அண்ணன் இல்லை. நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில், கரி ஏற்றிவரும் பெரிய பெல்ட்டுகளைப் பழுது பார்க்கும் வேலை அவருக்கு. தூண்டில் பைத்தியம். இரண்டு வருடம் முன்பு குடும்பத்தோடு நுவரெலியா சுற்றிப் பார்க்க வந்தவர், சுற்றிப் பார்க்காமல் எங்கள் தொழிற்சாலை வாசலில் வந்து நின்றார். அன்றிலிருந்து போனில் அண்ணே, தங்கச்சி என்று பழக்கம். "நம்ம டவுன்ஷிப்ல ஒரு கண்காட்சி வைக்கிறோம், தங்கச்சி. பூச்சி கட்டுறது, மீன் பிடிக்கிறது ரெண்டும். நீ வந்து இங்க பொம்பளைங்களுக்கு நாலு நாள் கத்துக் குடு. டிக்கெட்டெல்லாம் எங்க குரூப் பாத்துக்கும்" என்றார். வீட்டில் உட்கார்ந்து கூரைத் தகரத்தை எண்ணுவதற்கு இது மேல் என்று கிளம்பிவிட்டேன்.

பண்ருட்டியில் பஸ் மாற இறங்கியபோது முகத்தில் அடித்தது வெயிலா பலாப்பழ வாசனையா என்று சொல்ல முடியவில்லை. எங்கள் பக்கமும் பலா உண்டு. ஆனால் நாங்கள் பொறுமையில்லாதவர்கள், காயிலேயே கறி வைத்து முடித்துவிடுவோம். இங்கே பழமாகவே லாரி லாரியாகக் குவித்திருந்தார்கள். நெய்வேலி பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஓர் அம்மா இரண்டு பழத்தைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு வேகத்தடையில் பஸ் குதித்ததில் ஒன்று உருண்டு வந்து என் பையின் மேல் பிளந்துகொண்டது.

"அய்யய்யோ, கால நவுத்தி வெச்சிக்கக் கூடாதாம்மா?" என்று என்னைத்தான் கோபித்தார். பிறகு நான்கு சுளையை எடுத்து என் கையில் வைத்து, "எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "சிலோனா? பேச்சு நம்ம பேச்சாத்தான் கீது" என்று சந்தேகமாகப் பார்த்தார். என் பூட்டன் இந்தப் பக்கத்திலிருந்துதான் தேயிலைக்குப் போனான் என்று சொல்ல வாயெடுத்தேன். வாய் நிறையப் பலாச்சுளை.

டவுன்ஷிப்புக்குள் நுழைந்ததும் வேறு நாடு. அகலமான ரோடு, இரண்டு பக்கமும் மரம், வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். அவற்றை யாரும் வீடு என்று சொல்வதில்லை, குவார்ட்டர்ஸ் என்கிறார்கள். அண்ணன் குவார்ட்டர்ஸ் வாசலில் மாமரம், பின்னால் முருங்கை. உள்ளே போய் ஜன்னல் கட்டையில் கை வைத்தேன். விரலில் கருப்பாக ஒட்டியது. அண்ணி பார்வதி பார்த்துவிட்டு, "காலையிலதாம்மா தொடச்சேன்" என்று ஒரு துணியை எடுத்துக்கொண்டு வந்தார்.

நான் பிறந்தது தோட்டத்து லயத்தில். பத்து குடும்பத்துக்கு ஒரு கூரை, வீடு கம்பெனியுடையது, வேலை போனால் கூரையும் போகும். இங்கே ஒரு குடும்பத்துக்கு ஒரு கூரை, அதுதான் வித்தியாசம் என்று நினைத்தேன். "ரிட்டையர் ஆனா நாங்களும் காலி பண்ணணும்லா. அந்த மாமரம் நான் வச்சது. அடுத்து வர்றவன் திங்கப் போறான்" என்று அண்ணன் சிரித்தார். அவர் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். அண்ணி அன்று சொதி வைத்திருந்தார். தேங்காய்ப்பால் சொதி எங்களுக்கு மட்டும்தான் சொந்தம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர் அதில் ஒரு காய்கறிக் கடையையே போட்டிருந்தார். நான் மூன்று தரம் சோறு போட்டுக்கொண்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் காரியத்துக்கு வந்தார். தூண்டில் குரூப்பில் ஐந்து பேர், எல்லோரும் மைன்ஸில் பெர்மனன்ட். கண்காட்சி அவர்களுடைய ஆசை. ஆனால் சென்னையிலிருந்து ஒருவர் வருகிறார், வெளிநாட்டுக்குப் பூச்சி அனுப்புகிறவர். கட்டுவதற்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார். முத்தாண்டிக்குப்பம் பக்கம் ஒரு கிராமத்தில் எட்டுப் பெண்கள். நிலம் மைன்ஸுக்குப் போன குடும்பங்கள். வீட்டு ஆண்களுக்குக் கான்ட்ராக்ட் வேலை, இவர்களுக்கு முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை. "அவருக்குப் பூச்சி புடிச்சிப் போச்சின்னா, எட்டுப் பேரும் வூட்லயே உக்காந்து கட்டலாம்மா. முந்திரியில இருந்து வெளிய வந்துருவாங்க. அதுக்குத்தான் இவ்வளவும்" என்றார். சைக்கிள் பிரேக் கட்டையை வெட்டி, முள்ளைக் கவ்விப் பிடிக்கும் பிடிகள் பத்து, பண்ருட்டி லேத் பட்டறையில் அடித்து வைத்திருந்தார். எங்கள் தொழிற்சாலைப் பிடியைவிட நன்றாகவே இருந்தன.

மறுநாள் காலை டவுன்ஷிப்பில் ஒரு சமூகக்கூடத்தில் எட்டுப் பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணத்துக்கு வந்ததுபோல நல்ல சேலை, தலை நிறையப் பூ. நான் மேஜைக்கு அருகில் போனதும் எல்லோரும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள்.

எங்கள் தொழிற்சாலையில் புதிதாக ஒரு பெண் வந்தால் நான் முதலில் சொல்வது ஒரே வாக்கியம்தான். சோப்பு போட்டுக் கையைக் கழுவிவிட்டு வா. ஒரு பொட்டு எண்ணெய் விரலில் இருந்தால் போதும், நூல் வழுக்கும், பசை பிடிக்காது. பார்க்க அழகாக இருக்கும், தண்ணீரில் போட்டு முறுக்கினால் தலை கழன்றுவிடும். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்த ஒரு பிள்ளையால் ஒருமுறை ஒரு பெட்டி முழுக்கத் திரும்பி வந்தது. அந்தப் பிள்ளை அழுத அழுகையை நான் மறக்கவில்லை. அதனால் பெயரைக் கேட்பதற்கு முன் கையைக் கழுவச் சொல்லிவிடுவேன்.

அன்று சொல்லவில்லை. முன் வரிசையிலிருந்த வளர்மதி என்ற பெண்ணின் கையை வாங்கிப் பார்த்தேன். விரல் நுனி எல்லாம் கருப்பு. அழுக்கு இல்லை. முந்திரி ஓட்டிலிருந்து வழியும் பால் பட்டுத் தோல் வெந்து, உரிந்து, மறுபடி வெந்த கருப்பு. என் அம்மாவின் விரல்களில் கொழுந்துக் கறை கோடு கோடாக இருக்கும். அது பரவாயில்லை என்று தோன்றியது. இந்தக் கையைப் பார்த்துக் கழுவிவிட்டு வா என்று எப்படிச் சொல்வது? விட்டுவிட்டேன். பாவம் பார்த்துத்தான் விட்டேன், அதை எழுதிவைக்கிறேன்.

"ரேஷன் கடையில ரேகையே விழலக்கா" என்றாள் வளர்மதி, கையை உருவிக்கொண்டு. "அந்த மிஷின்ல எத்தினி வாட்டி அமுத்துனாலும் நான் நானில்லன்னுது. என் பொண்ணு வந்து அமுத்துனாதான் அரிசி." மற்ற பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் அந்த விரல்கள் வேலை செய்ததைப் பார்க்க வேண்டும். கொட்டையைத் தட்டிப் பருப்பு உடையாமல் எடுத்துப் பழகிய கை. எவ்வளவு அழுத்தலாம் என்று அதற்குத் தெரிந்திருந்தது. என் லைனில் ஒரு பெண் மூன்று வாரத்தில் பிடிப்பதை வளர்மதி மத்தியானத்துக்குள் பிடித்தாள். நான் தண்ணீரில் முக்கி முறுக்கிப் பார்த்தேன். அசையவில்லை. அண்ணன் முதல் ஷிப்ட் முடித்து அப்படியே வந்தவர், அன்று கட்டிய பூச்சிகளை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டார். கோயில் பிரசாதத்தை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கினார்.

கிளம்பும்போது வளர்மதி மட்டும் தயங்கி நின்றாள். "என் பொண்ணு சுகன்யா பன்னெண்டாவது முடிச்சிட்டாக்கா. மேல படிக்கிறேன்றா. இந்த ஆர்டர் வந்துச்சின்னா அவள காலேஜிக்கு அனுப்பிடுவேன். வரலன்னா அவளும் என்கூடக் கொட்ட ஒடைக்க வந்துகினு இருக்க வேண்டியதுதான்" என்றாள். வரும் என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

மூன்றாம் நாள் இறகு தேடி அலைந்தோம். கோழிக்கடை இறகு உதவாது. சண்டைச் சேவலின் கழுத்திறகுதான் விறைப்பாக நிற்கும். திருவதிகையில் ஒருவர் வளர்க்கிறார் என்று அண்ணன் ஸ்கூட்டரில் கூட்டிப் போனார். சேவல்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"கழுத்து எறகு மட்டும் வேணுமா? சேவல் வாணாமா?"

"வேணாங்க. எறகு மட்டும்."

"எதுக்கு?"

"மீனு புடிக்க."

அவர் வீட்டுக்குள்ளே திரும்பி, "ஏ, இங்க வந்து கேளு, கோயி எறகால மீனு புடிக்கப் போறாங்களாம்" என்று மனைவியைக் கூப்பிட்டார். அக்கம்பக்கத்தில் நாலு பேர் கூடிவிட்டார்கள். கடைசியில் செத்துப்போன ஒரு சேவலின் இறகை, அதன் வீரதீரம் எல்லாம் சொல்லி முடித்த பிறகே கொடுத்தார். திரும்பும்போது ஸ்கூட்டர் ரயில்வே கேட்டுக்கு முன்னால் நின்றுபோனது. வெயிலில் அண்ணன் தள்ள, நான் இறகுப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பின்னால் நடந்தேன். எங்கள் ஊரில் இந்நேரம் ஸ்வெட்டர் போட்டிருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அண்ணனின் போனில் சென்னைக்காரர் அனுப்பிய படம் வந்தது. "இந்த மாதிரிதான் கட்டணுமாம். பாரு தங்கச்சி" என்று நீட்டினார்.

பழுப்பு உடம்பு. சாம்பல் இறகு. தலைக்குக் கீழே இரண்டு சுற்று சிவப்பு நூல்.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. அந்த இரண்டு சுற்று சிவப்பு வேறு எந்தப் பூச்சியிலும் கிடையாது. மூன்று வருடமாக அதைக் கட்டுவது என் லைன்தான். அந்தப் படம் என் மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது. எங்களுக்கு வராமல் நிற்கும் ஆர்டர் எங்கே நிற்கிறது என்று இப்போது புரிந்தது. இந்த எட்டுப் பேர் கட்டிவிட்டால் என் பன்னிரண்டு பேருக்கு வேலை இல்லை. பன்னிரண்டோடு நானும் சேர்த்தி.

"என்னம்மா, கஷ்டமா?" என்றார் அண்ணன்.

"இல்லண்ணே. லேசுதான்" என்றேன். பார்வதி அண்ணி அன்று ராத்திரிக்குத் தோசை சுட்டார். ஒன்றோடு எழுந்துவிட்டேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர்களே காரணம் சொல்லிக்கொண்டார்கள்.

நான்காம் நாள் அந்தக் கிராமத்துக்குத் தனியாகப் பஸ் ஏறினேன். அண்ணனுக்கு ஷிப்ட். பெண்கள் இரண்டு நாள் கூலியை விட முடியாது என்று காலையில் முந்திரிக் கம்பெனிக்குப் போய்விட்டு, மத்தியானம் வளர்மதி வீட்டில் கூடுவதாக ஏற்பாடு. முத்தாண்டிக்குப்பம் தாண்டியதும் பஸ்ஸின் டயர் வெடித்தது. கண்டக்டர் இறங்கிப் பார்த்து, "ஸ்டெப்னியும் பஞ்சருதான், அடுத்த வண்டியில வாங்க" என்று சொல்லிவிட்டு நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார். அடுத்த வண்டி எப்போது என்று கேட்டதற்கு, வரும்போது என்றார்.

நடந்தேன். இரண்டு பக்கமும் முந்திரிக்காடு. தரையெல்லாம் பழம் விழுந்து நசுங்கிப் புளித்த வாடை. தூரத்தில் மரங்களுக்கு மேலே பெரிய மண்மேடு ஒன்று தெரிந்தது. சுரங்கம் தோண்டிக் கொட்டிய மண். எங்கள் மலை எங்களுக்கு முன்பே இருந்தது, இதை இவர்கள் கண்ணெதிரே வளரப் பார்த்திருக்கிறார்கள். வழியில் ஒரு கிழவர் மாடு ஓட்டிக்கொண்டு வந்தார். ஊர் எங்கே என்று கேட்டேன். "புது ஊரா, பழைய ஊரா? பழைய ஊருன்னா அதோ அந்த மேட்டுக்கு அடியில" என்று கையைக் காட்டிவிட்டுப் போனார். புது ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது செருப்பு வார் அறுந்திருந்தது.

வளர்மதி வீட்டுக் கூடத்தில் எட்டுப் பேரும் வட்டமாக உட்கார்ந்து பிடிகளை வைத்துக்கொண்டு தயாராக இருந்தார்கள். வளர்மதி தட்டில் சுடுசோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். வாசல்படியில் சுகன்யா ஒரு கல்லூரி விண்ணப்பத் தாளைப் பூர்த்தி செய்துகொண்டிருந்தாள். மெல்லிய விரல்கள், பேனா பிடித்த இடத்தில் மட்டும் நீல மை.

நான் சாப்பிட்டு எழுந்தபோதுதான் அதைப் பார்த்தேன். வட்டத்துக்கு நடுவில் ஒரு சின்ன அலுமினியக் கிண்ணம். அதில் விளக்கெண்ணெய். ஒருத்தி இரண்டு விரலை முக்கி, உள்ளங்கையில் தேய்த்து, கிண்ணத்தை அடுத்தவள் பக்கம் தள்ளினாள். அவள் தேய்த்து அடுத்தவளுக்கு. பேச்சை நிறுத்தவில்லை, கிண்ணத்தைப் பார்க்கவுமில்லை. முந்திரிப் பால் தோலைச் சுடாமல் இருக்க, கொட்டை உடைக்க உட்காரும் முன் தினமும் செய்வது. கை வேலைக்கு உட்காருகிறோம் என்றால் கை தானாகக் கிண்ணத்துக்குப் போகிறது. டவுன்ஷிப் கூடத்தில் கிண்ணம் இல்லை, அதனால் அன்று பூசவில்லை. அவ்வளவுதான்.

எண்ணெய்க் கையோடு வளர்மதி நூலை எடுத்தாள்.

வாயைத் திறந்தேன். அந்த ஒரே வாக்கியம், இருபது வருடமாகச் சொல்லிவருவது, நாக்கு நுனியில் இருந்தது. சுவரில் ஒட்டியிருக்கும் படம் நினைவுக்கு வந்தது. என் லைனில் இருக்கும் மூத்தவள் ராசம்மா, புருஷன் படுக்கையில், அவள் முகம் வந்தது. என் முகமும் வந்தது, பொய் சொல்வானேன்.

"சிவப்பு நூல ரெண்டு சுத்துக்கு மேல சுத்தாதீங்க" என்று மட்டும் சொன்னேன்.

மற்றதையெல்லாம் ஒழுங்காகவே சொல்லிக்கொடுத்தேன். இறகை எந்தப் பக்கம் சாய்ப்பது, கடைசி முடிச்சு எப்படிப் போடுவது, பசை எத்தனை பொட்டு. ஒன்றும் குறைக்கவில்லை. சாயங்காலத்துக்குள் அறுபது பூச்சி கட்டி முடித்தார்கள். எண்ணெய் பட்டதால் என் தொழிற்சாலைப் பூச்சியைவிடப் பளபளவென்று இருந்தன. வளர்மதி ஒவ்வொன்றையும் தெர்மாகோலில் குத்தி அழகு பார்த்தாள். "நல்லா கீதாக்கா?" என்றாள். நல்லா இருக்கு என்றேன்.

ஐந்தாம் நாள் கண்காட்சி. காலையில் ஏரிக்கரையில் மீன் பிடித்துக் காட்டுவது, முதல் ஷிப்ட் விட்ட பிறகு கூடத்தில் பூச்சி கட்டிக் காட்டுவது. கரையில் ஐம்பது பேர் இருக்கும். ரிட்டையர் ஆனவர்கள் பாதி, லீவு போட்டவர்கள் பாதி. அண்ணன் தலைக்கு மேல் கயிற்றை முன்னும் பின்னும் வீசியபோது எல்லோரும் ஐந்தடி தள்ளி நின்றார்கள். முதல் வீச்சு வேப்பமரத்தில் மாட்டியது. இரண்டாவது அவர் நண்பரின் தொப்பியில். மூன்றாவதில் நிஜமாகவே ஒரு ஜிலேபிக் கெண்டை, உள்ளங்கை அளவு, துள்ளிக்கொண்டு வந்தது. கரையே கத்தியது.

"இது வளர்மதி கட்டின பூச்சி! மொத நாள் கட்டினது!" என்று அண்ணன் மீனைத் தூக்கிக் காட்டினார். பிறகு அதைத் தண்ணீரில் விட்டார். கூட்டத்தில் ஒருவர், "யோவ், புடிச்சத எதுக்குய்யா விடற?" என்று உண்மையிலேயே கோபப்பட்டார். வளர்மதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சுகன்யா அம்மாவைப் போட்டோ எடுத்தாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தண்ணீரைப் பார்த்தேன்.

மத்தியானம் சென்னைக்காரர் வந்தார். அமைதியான மனிதர், கெட்டவர் என்று சொல்ல ஒன்றுமில்லை. எட்டுப் பேரும் வரிசையாக நின்றார்கள். அவர் தெர்மாகோலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "ரொம்ப நீட்டா இருக்கே" என்றார். வளர்மதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கேட்டார்.

முதல் பூச்சியை முக்கி, தலையை இரண்டு விரலால் பிடித்து முறுக்கினார். தலை சுழன்றது. இறகு அவர் விரலோடு வந்துவிட்டது. இரண்டாவதை எடுத்தார். அதுவும். மூன்றாவதில் நூலே பிரிந்து தண்ணீரில் புழுவாக மிதந்தது. பத்து பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். டம்ளரில் இறகும் நூலும், மேலே மெல்லிசாக ஒரு எண்ணெய்ப் படலம். எனக்குத் தெரிந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை.

"காலையில மீனு புடிச்சிதே சார், இதே கைதான்" என்றார் அண்ணன்.

சென்னைக்காரர் என் பக்கம் திரும்பினார். "மேடம்தானே இலங்கையிலிருந்து வந்த எக்ஸ்பர்ட்? எந்த ஃபேக்டரி?"

சொன்னேன். "அட, எனக்குக் கட்டித் தர்றதே நீங்கதானா" என்று சிரித்தார். "நீங்களே சொல்லுங்க. என்ன காரணம்? சரி பண்ண முடியுமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வளர்மதி என் கையை இன்னும் விடவில்லை. அவள் விரலின் சொரசொரப்பு என் விரலில் தெரிந்தது. ஒரு சோப்புக்கட்டி, ஒரு வாளித் தண்ணீர், இன்னும் ஒரு மணி நேரம். அவ்வளவு போதும்.

"பழகணும் சார்" என்றேன். "ஆறு மாசமாவது ஆகும்."

அவர் தலையாட்டினார். "எனக்கு அவ்வளவு டைம் இல்லையே. சரி, வழக்கம்போல உங்களுக்கே அனுப்பிடறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பெண்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறினார். அவர் போன பிறகும் ஷிப்ட் விட்டு வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கூடத்துக்குள் எட்டிப் பார்த்து, மீன் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் எங்கள் மேனேஜர் போன் செய்தார். "திங்கட்கிழமை எல்லாரையும் வரச் சொல்லு. ஆர்டர் வந்துருச்சி." பார்வதி அண்ணி பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, "நல்ல செய்தியாம்மா? உனக்காவது நல்லது நடக்கட்டும்" என்றார். அண்ணன் வாசலில் மாமரத்துக்குக் கீழே பிடிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் போய் உட்கார எனக்குத் துணிவில்லை.

மறுநாள் காலை பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் சென்னை வண்டிக்குக் காத்திருந்தேன். "அக்கா!" என்று சத்தம். வளர்மதி. கூடவே சுகன்யா, கையில் டிபன் பாக்ஸ், பழைய சுடிதார்.

"இவளுக்கு இன்னிக்கு மொத நாளுக்கா. கம்பெனில சொல்லிட்டேன்" என்றாள் வளர்மதி. ஒரு முந்திரிப்பருப்புப் பொட்டலத்தை என் பையில் திணித்தாள். "உங்க மேல ஒண்ணுமில்லங்கக்கா. நீங்க நல்லாத்தான் சொல்லிக் குடுத்தீங்க. எங்க கை ராசி அப்டி."

சொல்லியிருக்கலாம். அப்போதும் நேரம் இருந்தது. அடுத்த வருடம் வேறு ஒருவர் வரலாம், வேறு ஆர்டர் வரலாம், காரணம் தெரிந்தாலாவது போதும் அவளுக்கு. என் பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன்.

கீழே வளர்மதி கூடையிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்துத் திறந்தாள். மகளின் கையை விரித்துப் பிடித்து அதில் விளக்கெண்ணெயை ஊற்றினாள். "வெரலு இடுக்கெல்லாம் நல்லா தேச்சிக்கடி. மொத நாளு ரொம்ப வெந்துடும்" என்றாள். அந்தப் பெண் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்து, எண்ணெய்க் கையால் டாட்டா காட்டினாள். நானும் காட்டினேன்.

திங்கட்கிழமை பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள். ராசம்மா என் கன்னத்தைத் தடவித் திருஷ்டி கழித்தாள். சிவப்பு நூல் கண்டுகள் புதிதாக வந்து மேஜையில் இருந்தன. உட்காருவதற்கு முன்னால், இருபது வருடமாகச் சொல்வதுபோல, அன்றும் சொன்னேன்.

"எல்லாரும் சோப்பு போட்டுக் கையைக் கழுவிட்டு வாங்க."